நான்கு முள்ளும் நெட்டுக்குத்தாக

"இது என்ன காட்டுது?" என்று கேட்டார் படகுத் தணிக்கை அதிகாரி.

"எண்பது," என்றாள் அவள்.

படகு அப்போதுதான் அக்கரையிலிருந்து வந்து நின்றிருந்தது. எஞ்சினை இன்னும் அணைக்கவில்லை. அவர் டார்ச்சை எஞ்சின் சூடு காட்டும் மீட்டரின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். வெயிலில் பழுத்துப்போன பிளாஸ்டிக் மூடி, அடித்த வெளிச்சத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு மஞ்சளாகப் பூத்ததே தவிர உள்ளே ஒன்றையும் காட்டவில்லை. எண் இருக்கிற இடத்தில் பாலைக் கொட்டின மாதிரி ஒரு மங்கல். முள் இருக்கிற இடத்தில் ஒரு நிழல்.

"எண்பதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"இருபத்திரெண்டு வருஷமா ஓட்டறேன் சார். தெரியும்."

"எனக்குத் தெரியலையே."

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. சொன்னால் வம்பு என்று வாயை மூடிக்கொண்டாள்.

படகுத்துறையில் எல்லாரும் அவரை டார்ச் சார் என்றுதான் சொல்வார்கள். பட்டப்பகலிலும் அந்த டார்ச் இல்லாமல் அவர் எதையும் பார்த்தது கிடையாது. ஒருநாள் தன் செருப்பு அறுந்ததையே டார்ச் அடித்துத்தான் பார்த்தார் என்று கயிற்றுச் சித்தப்பா சத்தியம் பண்ணுவார். கயிற்றுச் சித்தப்பா யாருக்கும் சித்தப்பா இல்லை. படகு கரை தட்டும்போது கயிறு வீசிக் கட்டுகிறவர், அறுபதைத் தாண்டியவர், அவ்வளவுதான்.

டார்ச் சார் நான்கு மீட்டரையும் வரிசையாகப் பார்த்தார். எஞ்சின் சுற்று, ஆயில் அழுத்தம், சூடு, பேட்டரி. நான்கும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே மங்கல். காகிதத்தை எடுத்து, மீட்டர்கள் படிக்கும் நிலையில் இல்லை என்று எழுதி, பத்து நாள் கெடு போட்டார். பத்தாம் நாள் வருவேன், அன்றைக்கும் இப்படியே இருந்தால் சான்றிதழ் கிடையாது, சான்றிதழ் இல்லாமல் ஒரு ஆளைக்கூட ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அவளுடைய அண்ணன் டிக்கெட் ஜன்னலை விட்டு வெளியே வந்தார். முகத்தில் துக்கம் இருந்தது. ஆனால் பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை மாதிரி அது சரியாக உட்காரவில்லை.

அந்தப் படகு அண்ணனுக்குப் பாதி, அவளுக்குப் பாதி. அப்பா அப்படித்தான் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அண்ணனுக்கு ரொம்ப நாளாக ஒரு ஃபைபர் படகின் மேல் கண். அதில் மீட்டரே கிடையாதாம், டிவி மாதிரி ஒரு திரைதானாம். போன வருஷம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு பேச்சு பேசி முடித்திருந்தார்கள். பழைய படகுக்குச் சான்றிதழ் கிடைக்கிற வரைக்கும் அது ஓடும், அவள்தான் ஓட்டுவாள். என்றைக்குக் கிடைக்கவில்லையோ அன்றைக்கு அதை உடைக்கக் கொடுத்துவிட்டு ஃபைபர் படகு வாங்குவது. அதை அண்ணனின் மாப்பிள்ளை ஓட்டுவார். அவள் டிக்கெட் ஜன்னலில் உட்காரலாம்.

"நீ ஒண்ணும் மனசை விடாதே. ஜன்னல்ல ஃபேன் இருக்கு," என்றார் அண்ணன்.

"மாப்பிள்ளை மீன்தொட்டியைத் தவிர வேற தண்ணியைப் பாத்திருக்காராண்ணே?"

"கத்துக்குவார்."

"என் பயணிங்களை வச்சா?"

அண்ணன் ஜன்னலுக்குள் திரும்பிப் போனார்.

புது மீட்டர் வாங்கி மாட்டிவிடலாம் என்று அவள் இரண்டு கடைகளில் கேட்டாள். அந்த அளவில் இப்போது யாரும் செய்வதில்லையாம். இப்போது வருவதெல்லாம் சின்னது, மாட்டவேண்டுமென்றால் மீட்டர் பலகையையே அறுத்துப் புதிதாகப் போடவேண்டும், அதற்கு ஒரு மாதம் ஆகும் என்றார்கள். இரண்டாவது கடைக்காரர் அவளுடைய மீட்டரின் படத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே வேலை செய்கிறதா என்று கேட்டார். பழுதில்லாமல் செய்கிறது என்றாள். "அப்ப மீட்டருக்கு ஒண்ணும் இல்லம்மா, மூடிக்குத்தான் சீக்கு," என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து அதைப் புருஷனிடம் சொன்னபோது, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தி, கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று மட்டும் கேட்டார். பிளாஸ்டிக் என்றாள். "நாளன்னிக்குப் படகுக்கு லீவுதானே? வரேன்," என்றார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பது வருஷமாக லென்ஸ் தேய்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் கோணலாக எது இருந்தாலும் கை சும்மா இருக்காது. சுவரில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தால் எழுந்துபோய் நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார். ஒரு தடவை பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத மனிதரின் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, அதன் கால்களை வளைத்துச் சரிபண்ணித் திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதர் இறங்கும்வரை பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

லீவு நாளன்று காலையிலேயே வந்து பலகைக்குப் பின்னால் தலையை விட்டார். ஒவ்வொரு மீட்டரும் லாடம் மாதிரி ஒரு பட்டையால், இரண்டு நட்டு போட்டு இறுக்கப்பட்டிருந்தது. எந்த ஒயர் எதற்கு என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் நூல் கட்டினார். நான்கையும் கழற்றி, பயணிகள் உட்காரும் பெஞ்சில் துண்டை விரித்துக் குழந்தைகளைக் கிடத்துவது போலக் கிடத்தினார்.

மூடியைப் பிடித்திருந்த வளையத்தின் ஓரத்தைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினார். ஒரே இடத்தில் நெம்பினால் வளையம் நெளிந்துவிடும், சுற்றிச் சுற்றி வரணும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். கயிற்றுச் சித்தப்பா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, போய்ப் பெயிண்ட் தின்னர் டப்பாவோடு வந்தார். ஒரு துடைப்பு துடைத்தால் பளிச்சென்று போய்விடும், எதற்கு இவ்வளவு பாடு என்றார்.

"தின்னர் பட்டா இந்த பிளாஸ்டிக் உடம்பு பூரா வெடிச்சு, சிலந்தி வலை மாதிரி ஆயிடும். டப்பாவோட தள்ளி நில்லுங்க," என்றார் கண்ணாடிக்காரர். அவ்வளவு நீளமாக அவர் பேசிச் சித்தப்பா கேட்டதே இல்லை. டப்பாவை மூடிக்கொண்டு நிஜமாகவே நாலடி தள்ளி நின்றார்.

அவளும் உதவிக்கு உட்கார்ந்தாள். சோப்புத் தண்ணீரில் மூடிகளைக் கழுவிக் கொடுத்தாள். அவர் கொரகொரப்பான உப்புத்தாளில் ஆரம்பித்து, மேலும் மேலும் நைசான தாளுக்குப் போனார். எல்லாம் தண்ணீரில் நனைத்து, முதலில் ஒரே பக்கமாக, அடுத்த தாளில் அதற்குக் குறுக்காக. முதல் தாளில் மூடி இன்னும் மோசமாகிச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்துப்போயிற்று. அவர் அடுத்த தாளை நனைத்தார். மூன்றாவது தாளுக்கு மேல் அந்த வெளுப்புக்குள்ளிருந்து வெளிச்சம் வர ஆரம்பித்தது.

கடையில் மெஷின் இருக்கிறதே, அதில் போட்டால் சீக்கிரம் ஆகாதா என்று கேட்டாள். மெஷினில் போட்டால் சூட்டில் பிளாஸ்டிக் இளகி அலை அலையாகிவிடும், கடைசி மெருகு கையால்தான் என்றார். பிறகு அவளை ஏறிட்டுப் பார்த்து, பின்னால் எஞ்சின் தண்டு நுழைகிற இடத்தில் படகுக்குள் தண்ணீர் சொட்டுவதாக நேற்று சொன்னாயே, அதைப் போய்ப் பார் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுகிறவர்கள் இருந்தால் அவருக்கு வேலை ஓடாது.

"முள்ளைத் தொட்டுடாதீங்க," என்றாள் எழுந்துகொண்டே.

"எனக்கே சொல்றியா?"

சாயங்காலம் கையெல்லாம் கிரீஸோடு அவள் வந்தபோது எல்லாம் முடிந்து பலகையின் மேல் துண்டு போர்த்தியிருந்தது. மீட்டருக்குள் சேருகிற ஈரம் வெளியே போவதற்கான ஓட்டையை அடைத்திருந்த தூசியைக் குத்தி எடுத்ததையும், புது ரப்பர் வளையம் போட்டதையும் சொன்னார். துண்டை எடுக்கப் போனவளைத் தடுத்தார். "இப்ப வேணாம். இருட்டிட்டு வருது. காலையில வெளிச்சத்துல பாரு." சிரித்தாரா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு சிரிப்பு. இருபத்தைந்து வருஷத்தில் அவர் அவளுக்கு ஒளித்து வைத்துக் காட்டிய ஒரே சாமான் அதுதான்.

காலையில் துண்டை எடுத்தாள். கறுப்பு முகத்தில் வெள்ளை எண்கள், நேற்று எழுதின மாதிரி. மூடி இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். எண்கள் நேராக நின்றன. நேராக நிற்கிற எண்ணை யார் கவனிப்பார்கள்? பார்த்துப் பார்த்து மகிழ்ந்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினாள். படகு நிறைய ஆள். அண்ணனும் ஏறி அவளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார். என்னதான் நடக்கிறது என்று பார்க்கத்தான்.

படகு கடப்பது ஆறு கடலில் சேருகிற அகலமான கழிமுகம். நடுவில் மணல் பாரம் ஏற்றிய தோணிகள் போகிற ஆழமான வழி. அதைக் கடக்கும்போது அவள் எஞ்சினை ஏற்றி, வழக்கம்போலக் கண்ணை மட்டும் ஒரு நொடி கீழே தாழ்த்தினாள்.

நான்கு முள்ளும் நான்கு பக்கம் விழுந்து கிடந்தன.

மூளைக்கு முன்னால் கை முந்திக்கொண்டது. எஞ்சினை ஒரேயடியாகத் தணித்தாள். படகு மூக்கைக் குத்தி நின்றது. நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள், ஒரு சைக்கிள் விழுந்தது. நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போக, எதிரே வந்த மணல் தோணிக்காரன் ஊதலைப் பிடித்து அழுத்தினான். அப்போதுதான் அவள் எண்களைப் படித்தாள். சூடு எண்பது. ஆயில் சரி. பேட்டரி சரி. ஒன்றுக்கும் ஒரு கேடும் இல்லை. மறுபடி எஞ்சினை ஏற்றித் தோணியை விட்டு விலகினாள். விலகின இடைவெளியைப் பற்றிப் பிறகு கயிற்றுச் சித்தப்பா ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு அளவு சொன்னார்.

"மங்கலா இருந்தப்ப ஓட்டின. பளிச்சுன்னு ஆனதும் ஓட்டத் தெரியல," என்றார் அண்ணன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

நடந்தது இதுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், சூடு எவ்வளவு என்று எண்ணைப் பார்த்துப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது, மூக்குக்கு நேரே ஒரு துடுப்புப் படகு. எப்படித் திருப்பினாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. அடுத்த லீவு நாளில் தனியாக வந்து, பின்னால் இருந்த நட்டுகளைத் தளர்த்தி, ஒவ்வொரு மீட்டரையும் அதன் ஓட்டைக்குள்ளேயே திருப்பி வைத்தாள். எஞ்சின் நல்ல சுகத்தில் ஓடும்போது நான்கு முள்ளும் மேலே பார்த்து நெட்டுக்குத்தாக நிற்கிற மாதிரி. எண்கள் எப்படி வேண்டுமானாலும் சாயட்டும். அதற்குப் பிறகு அவள் எண்ணைப் படிக்கவே இல்லை. நான்கு குச்சி நேராக நின்றால் சரி, ஒன்று சாய்ந்தால் அந்த இடத்தில் கோளாறு. கண் தண்ணீரை விட்டுப் போக வேண்டாம். யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் மூடிகள் பழுக்க ஆரம்பித்தன, அது அவளுக்கு வசதியாகவே போயிற்று. நிழல் நேராக நிற்கிறதா என்று பார்க்க அந்த மங்கல் போதும். எண்கள் கோணலாகக் கிடப்பதைப் பார்க்கத்தான் போதாது.

மத்தியானம் கடையின் பின்னறைக்குப் போனாள். அவர் ஒரு லென்ஸைக் கருவியில் வைத்து, எந்தச் சாய்வில் பொருத்துவது என்று அச்சுக் குறித்துக்கொண்டிருந்தார்.

"மீட்டரை நேரா வச்சிருக்கீங்க."

"ஆமா. லெவல் வச்சுப் பாத்து வச்சேன். அரை டிகிரி தப்பாது." தலையைத் தூக்காமலேயே அவ்வளவு பெருமை.

"அதுதாங்க தப்பு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நீரோட்டத்தையும் மணல் தோணியையும் சொன்னபோது அவர் லென்ஸைக் கீழே வைத்தார். கோணலாகத் திருப்பி வைத்ததைச் சொன்னபோது முகம் மாறியது. கோணல் கோணல்தானே, எண்ணென்று ஒன்றை எதற்கு எழுதியிருக்கிறான், படிக்கத்தானே என்றார். அவளும் குரலை உயர்த்தினாள். முன்பக்கம் கண்ணாடி வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்த லென்ஸுக்கு அச்சு வைக்கிறீங்களே, யார் கண்ணுக்கு வைக்கிறீங்க? போட்டுக்கறவங்க கண்ணுக்கா, எதிர்ல நின்னு பாக்கறவங்க கண்ணுக்கா?"

"போட்டுக்கறவங்க கண்ணுக்குத்தான்."

"அங்க போட்டுக்கறவ நான்."

அவர் கீழே வைத்த லென்ஸை எடுத்துத் துடைத்தார். பிறகு, "பன்னெண்டு வருஷம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல," என்றார்.

"சொன்னா நேர் பண்ணிடுவீங்கன்னுதான்."

அதைத்தானே அவர் செய்திருந்தார்.

அன்று கடைசி நடை முடிந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, காலிப் படகை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள். முள்ளை நேராக நிறுத்திப் பார்க்கவேண்டுமென்றால் படகு வழக்கமான வேகத்தில் ஓடவேண்டும். அவள் ஓட்ட, அவர் பலகைக்குக் கீழே மல்லாக்கப் படுத்து ஸ்பானரோடு கையை மேலே விட்டார். மீட்டரைக் கொஞ்சம் திருப்புவார், நிறுத்துவார்.

"இப்ப நல்லா இருக்கா?" மறுபடி ஒரு திருப்பு. "இல்ல, இப்ப நல்லா இருக்கா?"

"முதல்ல வச்சதே தேவலை."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க," என்றது பலகைக்குக் கீழிருந்து ஒரு குரல். முப்பது வருஷமாகக் கடையில் கேட்கிற அதே கேள்வி, அதே அலுப்பு. அவள் சிரித்த சிரிப்பில் படகு கொஞ்சம் ஆடியது. நான்காவது மீட்டர் முடிந்து அவர் எழுந்து நின்று பார்த்தார். நான்கு முள்ளும் நெட்டுக்குத்தாக நின்றன. எண்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து, ஆயில் மீட்டர் ஏறக்குறையத் தலைகீழாகவே கிடந்தது. அவர் கை ஒருமுறை பலகையை நோக்கிப் போய்த் திரும்பி வந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மறுநாள் துறையே சிரித்தது. மூடி மங்கலாக இருந்தவரை எவரும் திரும்பிப் பாராத மீட்டர்களை இப்போது ஏறுகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். தூக்கத்தில் மாட்டினதா என்று கேட்டார்கள். "முன்னாடி மானம் மறைஞ்சாவது இருந்துது," என்றார் அண்ணன். தணிக்கைக்கு வருகிறவர் கண்ணில் இது படாமல் போனாலும் தான் காட்டுவதாகவும் சொன்னார். சொந்தத் தங்கையென்றுகூடப் பார்க்கமாட்டீர்களா என்று கயிற்றுச் சித்தப்பா கேட்டதற்கு, தங்கை என்பதால்தான் பார்க்கிறேன், அவள் பயணிகளோடு போய் எங்கேயாவது முட்டிக்கொள்ளக் கூடாது என்றார். அதில் பாதி உண்மையும் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

பத்தாம் நாள் நெருங்க நெருங்க, எல்லாரும் ஒரே யோசனையைச் சொன்னார்கள். ஒரே ஒரு நாளைக்கு நேராகத் திருப்பி வை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும். அப்புறம் உன் இஷ்டப்படி திருப்பிக்கொள். சித்தப்பா சொன்னார், அக்கரைக் கடைக்காரர் சொன்னார். கடைசியில் பத்தாம் நாள் காலைச் சாப்பாட்டின்போது புருஷனும் சொன்னார். தானே வந்து திருப்புவதாகவும், டார்ச் சார் போன அரை மணியில் பழையபடி வைத்துவிடுவதாகவும்.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷமும் ஒரு நாள்தானே."

"அப்ப நான் செய்யறது தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வருஷத்துக்கு ஒரு தடவை. பன்னெண்டு வருஷம் அழுக்குக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சேன். நீங்க தேய்ச்சு எடுத்துட்டீங்க. இனிமே ஒளிக்கறதுக்கு எனக்கு எடமும் இல்ல, மனசும் இல்ல. கேக்கறவர் கேக்கட்டும்."

"சான்றிதழ் தரலைன்னா?"

"தரலைன்னா ஜன்னல்ல போய் உக்காந்து, வரவங்க போறவங்ககிட்டயெல்லாம் ஏன் தரலைன்னு சொல்வேன்."

அவர் அன்றைக்குக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு துறைக்கு வந்தார்.

டார்ச் சார் சொன்ன நேரத்துக்கு வந்தார். படகில் கால் வைக்கும் முன்பே அண்ணன், மீட்டர் நாலும் கோணல் சார், பாருங்க என்று கரையிலிருந்து சொல்லியாயிற்று. அவர் டார்ச்சை அடித்தார். இந்த முறை வெளிச்சம் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. ஒவ்வொரு எண்ணும் தெரிந்தது. மூடியை நகத்தால் சுண்டிப் பார்த்தார், புதிது போட்டதா என்று கேட்டார். பழையது, தேய்த்தது என்றதும் புருவத்தைத் தூக்கினார். பிறகு எண்களைப் படிக்கக் கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். ஆயில் மீட்டருக்கு வந்தபோது ஏறக்குறையக் குனிந்து தலைகீழாகவே ஆகிவிட்டார்.

"என்னம்மா இது?"

"எஞ்சின் போட்டுப் பாருங்க சார்."

"எஞ்சின் போடறது இருக்கட்டும். இதை நேரா வைங்க. பத்து நிமிஷ வேலை. நான் காத்திருக்கேன்."

"வைக்கமாட்டேன்."

டார்ச் சார் டார்ச்சை அணைத்தார். அவர் அதை அணைத்து யாரும் பார்த்ததில்லை.

கோணலாக வைக்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்றாள் அவள். அவர் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துத் தேடினார். ஓட்டுநர் நிற்கும் இடத்திலிருந்து தெளிவாகத் தெரியவேண்டும் என்று இருந்தது. நேர், கோணல் என்று ஒன்றும் இல்லை. எழுதாவிட்டாலும் அது தெரிந்த விஷயம்தானே, சட்டையைத் திருப்பிப் போடக் கூடாதென்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டார். நல்ல கேள்விதான்.

"அப்ப ஓட்டுநர் நிக்கற இடத்துல வந்து நில்லுங்க," என்றாள்.

படகைக் கழிமுகத்துக்குக் கொண்டுபோனாள். நடுவழியில் வேகத்தை ஏற்றிவிட்டு, தான் விலகி, அவரை அந்த இடத்தில் நிறுத்தி, பக்கத்திலிருந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். நான்கு முள்ளும் நேராக நின்றன. அவர் அதைப் பார்த்தார். ஆனாலும் எண் கோணல்தானே என்றார்.

"எண் எங்கயும் போகாது சார். அச்சடிச்ச இடத்துலயே இருக்கும். மாறறது முள்ளு. நான் மாறறதைப் பாக்கறேன். நீங்க இப்ப தண்ணியைப் பாருங்க. அதோ தோணி வருது, அதையே பாருங்க. ஏதாவது சாஞ்சா சொல்லுங்க."

அவர் தோணியைப் பார்த்தார். அவள் சத்தமில்லாமல் தலைவிளக்கையும் தண்ணீர் இறைக்கும் பம்பையும் போட்டாள்.

"நாலாவது," என்றார் டார்ச் சார்.

சொன்ன பிறகுதான் கீழே பார்த்தார். பேட்டரி முள் ஒரு விரலகலம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவள் விளக்கையும் பம்பையும் அணைத்தாள். முள் எழுந்து நின்றது. புருஷன் பின்பெஞ்சில் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் சித்தப்பா நினைத்தார். முடியவில்லை. டார்ச் சார் பயணிகள் பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தைப் பார்த்தார். இதற்கென்று இதில் கட்டமே இல்லை, மேலே இருப்பவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வேன், நேராக வைத்துவிடு, இப்போதே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"தர முடியாதுன்னா தர முடியாதுன்னு எழுதுங்க சார். காரணத்தையும் எழுதுங்க. மீட்டர் படிக்க முடியுது, முள்ளு நேரா நிக்குது, எண் சாஞ்சிருக்கு, அதனால தரலைன்னு. உங்க கையால எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் ஜன்னல்ல ஒட்டி வச்சுக்கறேன்."

அவர் பேனாவைத் திறந்தார். முதல் வார்த்தைக்கு நிப்பைக் காகிதத்தில் வைத்தார், எடுத்தார். அந்த வாக்கியத்தை மனசுக்குள் எழுதிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. தோணியைப் பார்த்தபடி 'நாலாவது' என்று சொன்னவர் அவர்தானே. கொஞ்ச நேரம் கழித்து, கடகடவென்று எழுதி, முத்திரையைக் குத்தி, அவள் கையில் கொடுத்துவிட்டு, டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு வருஷத்துக்குச் சான்றிதழ். குறிப்பு என்ற இடத்தில் இப்படி இருந்தது: மீட்டர்கள் தெளிவாக உள்ளன. நான்கும் கோணலாகப் பொருத்தப்பட்டுள்ளன. நேராக வைக்க ஓட்டுநர் மறுத்துவிட்டார். படிக்க முடிகிறது.

அண்ணன் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். நான்கு பேர் பார்க்கிற இடத்தில் மாட்டவேண்டிய காகிதம், இப்படி ஒரு அசிங்கத்தை எழுதி வாங்கியிருக்கிறாயே என்றார். தான் போய்ப் பேசி, அந்தக் குறிப்பு இல்லாமல் வேறு வாங்கி வருவதாகவும் சொன்னார்.

"ஒரு எழுத்தை எடுக்கக் கூடாதுண்ணே. மாப்பிள்ளைக்கு வேலை வேணும்னா வரச்சொல்லு. சித்தப்பாவுக்கு முழங்கால் வலி, கயிறு வீச ஆள் வேணும்."

"எனக்கு எங்க வலிக்குது?" என்றார் சித்தப்பா.

அவள் காகிதத்தை உறையில் போட்டு, ஏறுகிற வழியில், கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் ஸ்க்ரூ போட்டுத் திருகி வைத்தாள். புருஷன் வந்து பார்த்து, அதை மட்டுமாவது நேராக வைக்கலாமா என்று கேட்டார். வையுங்கள் என்றாள். வைத்தார்.

அடுத்த நடைக்கு ஆட்கள் ஏறினார்கள். கையில் கோப்புகளோடு வந்த ஒரு பெண் காகிதத்தின் முன் நின்று, குறிப்பை மெல்ல வாய்விட்டுப் படித்தாள். நேராக வைக்க ஓட்டுநர் மறுத்துவிட்டார் என்ற இடத்தில் நிறுத்தி, "யாரு இந்த ஓட்டுநர்?" என்று கேட்டாள்.

"நான்தான்," என்றாள் அவள். "உக்காருங்க, கிளம்பறேன்."